சார்லி ஹேடன்: குறைவாக வாசித்தவரா, குறைவாகத் தெரிந்தவரா?

#1 கீழ்க்கட்டை

சென்ற வாரம் ஜாஸ் டபுள் பேஸ் (ஆளுயர வயலின்போன்ற கீழ்ச்சுர வாத்தியம்) கலைஞர் ஸ்காட் லஃபாரோவைப் பற்றிய இழையில், “சார்லி ஹேடனுக்குக் கை வேகம் கிடையாது, சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனோடு சேர்ந்ததால் வந்த பெயர் அது” என்று உறுப்பினர் ஒருவர் எழுதியிருந்தார். அங்கேயே பதில் எழுதினால் லஃபாரோ காணாமற்போய்விடுவார் என்பதால் இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

லஃபாரோவைப் போலவே ஜாஸில் டபுள் பேஸ் வாசித்த ஹேடன் 1937 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஷெனண்டோவா என்ற சிற்றூரில் பிறந்தவர். குடும்பமே ஒரு பாட்டுக்குழு. நாட்டுப்புறப் பாடல்களையும் தேவாலயப் பாடல்களையும் வானொலியில் பாடுவது அவர்களுடைய பிழைப்பு. தாய் தாலாட்டாக எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்க, மடியில் கிடந்த இருபத்திரண்டு மாதக் குழந்தை அதே மெட்டைத் திருப்பிச் சொல்லாமல் அதற்கு இணையான வேறொரு குரல் வரியைச் சேர்த்து முனகியதாகவும், அன்றிலிருந்து அவனையும் ஒலிவாங்கியின் முன் நிறுத்திவிட்டார்கள் என்றும் அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ‘கௌபாய் சார்லி’ என்ற பெயரில் பதினைந்து வயது வரை பாடினார். அந்த வயதில் போலியோ வந்தது. கால்களைத் தாக்கும் வகை அன்று. தொண்டையையும் முகத்து நரம்புகளையும் தாக்கும் வகை. உயிர் தப்பினார், பாட்டு போயிற்று.

வீட்டில் அண்ணனுடைய டபுள் பேஸ் இருந்தது, அதை எடுத்துக்கொண்டார். மிஸ்ஸூரியில் நாட்டுப்புற இசைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் வாசித்துப் பணம் சேர்த்து, 1957இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார். பியானோ கலைஞர் ஹாம்ப்டன் ஹாஸைத் தேடிக்கொண்டு போனதாகத்தான் அவரே சொல்வார்.

என் கருத்து இதுதான்: ஹேடனை வாத்தியக்காரராக வைத்து மதிப்பிட்டால் கணக்குத் தப்பும். அவர் பாடகர், குரல் போனபிறகு நான்கு தந்திகளில் பாடியவர். ஒரு பாடகரிடம் நிமிடத்துக்கு எத்தனை சுரம் என்று யாரும் கேட்பதில்லை.

#2 ஐந்தாம் தந்தி

அந்த வரியை எழுதியவன் நான்தான். பின்வாங்கப்போவதில்லை, ஆனால் விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பதினேழு ஆண்டுகளாகப் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். லஃபாரோவின் வாசிப்பை எழுதி எடுக்க முயன்று பாதியில் விட்டிருக்கிறேன். ஹேடனுடையதை ஒரு மாலைப்பொழுதில் எழுதி முடித்துவிட்டேன். பெரும்பாலும் கழுத்தின் மேற்பகுதியை விட்டு இடக்கை இறங்குவதே இல்லை. இதைக் குறை என்று சொல்லக்கூடாதென்றால் வேறு எதைச் சொல்வது? போலியோவும் தாலாட்டும் உருக்கமான கதைகள், ஆனால் உருக்கமான கதை வாசிப்பின் தரத்துக்குச் சான்றாகாது. பாடமுடியாமற்போன எத்தனையோ பேர் வாத்தியத்துக்கு வந்திருக்கிறார்கள். எல்லாருடைய வாத்தியமும் பாடிவிடவில்லை.

#3 பழைய இசைத்தட்டு

இந்தச் சச்சரவைத் தீர்க்க வசதியான ஒரு பதிவு இருக்கிறது. 1960 டிசம்பர் 21 அன்று பதிவான கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’. இரண்டு நால்வர் குழுக்கள் ஒரே நேரத்தில் வாசிக்கின்றன, ஏறத்தாழ முப்பத்தேழு நிமிடம். இடது ஒலித்தடத்தில் கோல்மன், டான் செர்ரி, பில்லி ஹிக்கின்ஸ், பேஸில் லஃபாரோ. வலது தடத்தில் எரிக் டால்ஃபி, ஃப்ரெடி ஹப்பர்ட், எட் பிளாக்வெல், பேஸில் ஹேடன். ஹெட்ஃபோன் மாட்டினால் ஒரு காதில் லஃபாரோ, மறு காதில் ஹேடன். இருவரும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேற்றிரவு நான் செய்த சோதனை: முதலில் வலது காதுப்பகுதியைக் கழற்றிவிட்டு இடதை மட்டும் கேட்டேன். லஃபாரோ மேல் ஸ்தாயியில் ஏறி, ஊதுகருவிகளோடு பேச்சுக்குப் பேச்சு கொடுக்கிறார், வியப்பாகத்தான் இருக்கிறது. பிறகு இடதைக் கழற்றி வலதைக் கேட்டேன். ஹேடன் கீழே ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறார். ஐந்தாம் தந்தி சொல்வது உண்மை என்று தோன்றிற்று. கடைசியில் இரண்டையும் சேர்த்து மாட்டினேன். லஃபாரோ அத்தனை உயரத்துக்குத் துணிந்து போகக் காரணம் கீழே இன்னொருவர் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என்று அப்போதுதான் காதில் விழுந்தது. ஊதுகருவிகள் ஓய்ந்து இரண்டு பேஸ்களும் முன்னுக்கு வரும் பிற்பகுதியை மட்டுமாவது கேளுங்கள். அங்கே அவர்கள் போட்டி போடவில்லை.

#4 ஞாயிறு வாசகன்

ஒரு சிறு ஐயம். கோல்மனின் அட்லாண்டிக் நிறுவனப் பதிவுகள் எல்லாவற்றிலும் ஹேடன்தானே பேஸ்?

#5 பழைய இசைத்தட்டு

இல்லை. ‘ஆர்னெட்!’ தொகுப்பில் லஃபாரோ, ‘ஆர்னெட் ஆன் டெனர்’ தொகுப்பில் ஜிம்மி கேரிசன். இரண்டும் 1961இன் தொடக்க மாதங்களில் பதிவானவை. ஹெராயின் பழக்கத்தால் ஹேடன் 1960 வாக்கில் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. அவர் இடத்துக்கு வந்தவர்தான் லஃபாரோ. வந்தவரும் நிலைக்கவில்லை, 1961 ஜூலை 6 அன்று கார் விபத்தில் இருபத்தைந்து வயதில் இறந்துபோனார். ஹேடன் அறுபதுகளில் சினனான் மறுவாழ்வு மையத்தில் தங்கிப் பழக்கத்திலிருந்து மீண்டார். இந்தப் பகுதியை இதற்குமேல் நீட்ட எனக்கு விருப்பமில்லை. ஜாஸ் கலைஞர்களைப் பற்றி எழுதும்போது ஊசியைப் பற்றி மூன்று பக்கமும் தந்தியைப் பற்றி மூன்று வரியும் எழுதும் வழக்கம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

#6 வில்லும் விரலும்

நான் டபுள் பேஸ் வாசிப்பவன். ஐந்தாம் தந்தி அவர்களுக்குத் தொழில்முறையில் ஒரு பதில் சொல்ல விரும்புகிறேன்.

பேஸ் கிட்டாரில் விரல் செல்லும் தொலைவும் டபுள் பேஸில் செல்லும் தொலைவும் ஒன்றல்ல. இங்கே தந்தியின் அதிரும் நீளம் ஒரு மீட்டருக்கும் மேல்; அடித்தந்தியின் ஒலி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ்; சுரத்தானத்தைக் காட்டும் கட்டைகள் எதுவும் கழுத்தில் இல்லை. ஐம்பதுகளுக்குப் பிறகு உலோகத் தந்திகள் பரவின. உலோகத் தந்தியைக் கழுத்துப் பலகைக்கு நெருக்கமாக இறக்கிக் கட்டலாம். அழுத்தும் சிரமம் குறையும், வேகம் கூடும். லஃபாரோவும் தம் தந்திகளைத் தாழ்த்திக் கட்டியவர்தான். ஹேடனோ மேலிரண்டு தந்திகளுக்கு ஆட்டுக்குடலில் செய்த நரம்பையே வைத்திருந்தார். நரம்புத் தந்தி பருமனானது, ஈரக்காற்று பட்டால் சுருதி நிலைக்காது. நான் ஒருமுறை ஆசைப்பட்டு மாட்டி, முதல் மணி நேரத்திலேயே ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கொப்புளம் வரப் பெற்று, மறுநாள் கழற்றிவிட்டேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கேட்ட ஒலியை மறக்க முடியவில்லை. உலோகம் மணியடிக்கும், நரம்பு மூச்சு விடும். அவருடைய வாத்தியமோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கைவினைஞர் வியோம் செய்தது. மரமும் நரம்பும் சேர்ந்து ஒரு சுரத்தை முழுமையாக வெளியிட எடுத்துக்கொள்ளும் நேரத்தை அவர் அதற்குக் கொடுத்தார். அடுத்த சுரத்துக்கு அவசரப்பட்டால் அந்த ஒலி பிறக்கும் முன்பே செத்துவிடும். நீங்கள் ஒரு மாலையில் எழுதி முடித்தது சுரங்களை மட்டும்.

இன்னொன்று. 1959 மே 22 அன்று பதிவான கோல்மனின் ‘லோன்லி வுமன்’ எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? தொடக்கத்தில் ஹேடன் இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டுகிறார். ஹிக்கின்ஸின் தாளத்தட்டு ஓட்டமெடுக்கிறது. அதன்மேல் இரண்டு ஊதுகருவிகளும் ஒப்பாரிபோல் இழுத்து நீட்டுகின்றன. வேகமும் நிதானமும் ஒன்றையொன்று பிய்த்துக்கொண்டு போகாமல் நடுவில் பிடித்துக்கட்டும் வேலை பேஸினுடையது. கார்டு வரிசை (எந்தச் சுரக்கூட்டுக்குப் பின் எது என்ற ஒழுங்கு) முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் அந்த வேலை எளிது. கோல்மனின் இசையில் அந்த வரிசையே கிடையாது. அவர் எந்த நொடியில் எங்கே திரும்புவார் என்பதைக் காதால் மட்டுமே பிடிக்க வேண்டும். அதற்கு முன்பு லாஸ் ஏஞ்சலஸ் மேடைகளில் ஹேடன் பாட்டின் கார்டுகளை விட்டு விலகிப் போனபோதெல்லாம் கூட வாசித்தவர்கள் முகம் சுளித்திருக்கிறார்கள். அந்த விலகல்தான் தேவை என்று சொன்ன முதல் ஆள் கோல்மன். ஆகவே கோல்மனால் ஹேடனுக்குப் பெயர் வந்தது என்பதோடு, ஹேடன் போன்ற ஒரு காது இல்லாவிட்டால் கோல்மனின் குழு நின்றிருக்குமா என்பதையும் கேட்டாக வேண்டும்.

#7 ஞாயிறு வாசகன்

அப்படியானால் ஹேடனின் பேஸ் நம் கச்சேரித் தம்பூராவைப் போன்றது என்று எடுத்துக்கொள்ளலாமா?

#8 வில்லும் விரலும்

தோன்றும், ஆனால் பொருந்தாது. தம்பூரா பாடகர் எங்கே போனாலும் தான் நகராது. அதுவே அதன் பெருமை. ஹேடன் நகர்வார். கோல்மன் ஆதார சுருதியையே மாற்றினால் அவரும் அரை நொடியில் அங்கே இருப்பார். வேண்டுமானால் நல்ல பக்கவாத்தியக்காரரின் வயலினைச் சொல்லலாம்; அதுவும் பாதிதான் சரி.

#9 மேற்குச்சாளரம்

விரலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த மனிதர் ஒரு பாட்டை அறிவித்ததற்காகக் கைதானவர் என்பதை யாரும் எழுதவில்லையே.

1971 நவம்பரில் போர்ச்சுகலின் கஷ்கைஷ் நகரில் முதலாவது ஜாஸ் விழா. கோல்மன் குழுவோடு ஹேடனும் போயிருந்தார். அப்போது போர்ச்சுகலில் சர்வாதிகார ஆட்சி; அங்கோலா, மொசாம்பிக், கினி ஆகிய ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விடுதலைப் போராளிகளுக்கு எதிராகப் போர் நடந்துகொண்டிருந்தது. அத்தகைய அரசின் நாட்டில் வாசிக்க ஹேடனுக்கு மனமில்லை. ஒப்பந்தத்தை மீறவும் இயலவில்லை. ஆகவே தாம் எழுதிய ‘சாங் ஃபார் சே’ வாசிக்கப்படும் முன் ஒலிவாங்கியின் அருகே வந்து, அந்த மூன்று நாடுகளின் கறுப்பின விடுதலை இயக்கங்களுக்கு இதைக் காணிக்கையாக்குவதாக அறிவித்தார். அரங்கத்தின் ஆரவாரத்தில் பாட்டே முழுகிப்போனது. மறுநாள் லிஸ்பன் விமான நிலையத்தில் இரகசியப் போலீஸ் அவரைத் தனியே பிரித்து அழைத்துச் சென்று விசாரித்தது. அமெரிக்கத் தூதரகம் தலையிட்ட பிறகே விட்டார்கள். ஊர் திரும்பியபின் எஃப்.பி.ஐ. ஆட்கள் அவர் வீட்டுக்கும் வந்து போனார்கள். போர்ச்சுகல் அரசு 1974 ஏப்ரல் 25 அன்று கவிழ்ந்தது. 1976இல் வெளிவந்த ‘குளோஸ்னெஸ்’ தொகுப்பில் ட்ரம்ஸ் கலைஞர் பால் மோஷியனோடு சேர்ந்து வாசித்த கடைசிப் பாட்டுக்கு ‘ஃபார் எ ஃப்ரீ போர்ச்சுகல்’ என்று பெயர்.

பாடுவதற்குத்தான் அவருக்குக் குரல் இல்லை.

#10 ஐந்தாம் தந்தி

துணிச்சலை மறுக்கவில்லை. ஆனால் அந்த அரசியல் இசையாக எவ்வளவு தேறியது? 1969இல் கார்லா பிளேயின் இசையமைப்பு உதவியோடு அவர் திரட்டிய ‘லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா’வை முழுதாகக் கேட்டேன். ஸ்பானிய உள்நாட்டுப் போர்க்காலப் பாடல்கள் அழகு. ‘சர்க்கஸ் ’68 ’69’ என்ற பகுதியை என்னால் ஐந்து நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. இரண்டு வாத்தியக்குழுக்கள் ஒன்றன்மேல் ஒன்று கத்துகின்றன.

#11 மேற்குச்சாளரம்

கத்தத்தான் வேண்டும். 1968இல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் வியட்நாம் போரை எதிர்த்த தீர்மானம் தோற்றபோது, தோற்ற தரப்பினர் எழுந்து நின்று ‘வீ ஷல் ஓவர்கம்’ பாடினார்கள். அந்தப் பாட்டு வெளியே கேட்டுவிடக்கூடாதென்று மாநாட்டு வாத்தியக்குழு உற்சாகமான மெட்டுகளை அதன்மேல் முழங்கிற்று. ஹேடன் தம் குழுவை இரண்டாகப் பிரித்து அதை அப்படியே ஒலியாக்கினார். நம் ஊர் அரசியல் கூட்டங்களில் எதிர்த்தரப்பு பேசத் தொடங்கியதும் குழாய் ஒலிபெருக்கியைத் திருப்பிவைத்தவர்களைக் கண்ட நமக்கு இது புரியாத செய்தி அல்ல. ஆயினும் உங்களுக்குப் பிடித்தாக வேண்டும் என்று வற்புறுத்த மாட்டேன்; எனக்கும் அதைத் தொடர்ந்து இரண்டுமுறை கேட்கும் திராணி கிடையாது.

அந்தக் குழுவை அவர் கலைத்துவிடவும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் ‘தி பேலட் ஆஃப் த ஃபாலன்’, 1990இல் ‘ட்ரீம் கீப்பர்’, ஈராக் போரின்போது 2005இல் ‘நாட் இன் அவர் நேம்’. அமெரிக்கா எங்காவது போருக்குப் போனால் ஹேடன் குழுவைக் கூட்டுவார் என்று வேடிக்கையாகவே சொல்லலாம்.

#12 கீழ்க்கட்டை

மேற்குச்சாளரம் எழுதியதைப் படித்தபிறகு, இத்தனை காலம் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது.

லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ராவின் முதல் தொகுப்பில், தம் குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பானியப் போர்க்காலப் பாடல்களின் பழைய பதிவுகளை ஊடே செருகியிருக்கிறார். ‘சாங் ஃபார் சே’ நடுவில் கியூபப் பாடகர் கார்லோஸ் புவெப்லாவின் குரல் திடீரென்று எழுந்து அடங்குகிறது. இப்போது இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாண்டி வாருங்கள். எர்னி வாட்ஸ், ஆலன் பிராட்பென்ட் முதலியோரோடு அவர் எண்பதுகளில் தொடங்கிய ‘குவார்டெட் வெஸ்ட்’ குழு, நாற்பதுகளின் லாஸ் ஏஞ்சலஸையும் அக்காலத்துத் துப்பறியும் படங்களின் இரவையும் நினைத்து ஏங்கும் குழு. அரசியலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதன் ‘ஹாண்டட் ஹார்ட்’ தொகுப்பிலும் அதே வேலையைச் செய்கிறார். குழு ஒரு பாட்டை வாசித்து ஓயும். ஓய்ந்த இடத்தில் பாடகி ஜோ ஸ்டாஃபோர்டு பழைய பதிவிலிருந்து அதே பாட்டைப் பாடத் தொடங்குவார். மற்றோரிடத்தில் பில்லி ஹாலிடே, இன்னோரிடத்தில் ஜெரி சதர்ன். வாத்தியக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு பாடகி பாடுவதைக் கேட்பதுபோலவே இருக்கும்.

புரட்சிப் பாட்டானாலும் காதற் பாட்டானாலும், அவருக்கு மனிதக் குரல் வந்து முடித்துவைக்க வேண்டியிருக்கிறது. முதற்பதிவில் நான் சொன்னதற்கு உருக்கமான கதை மட்டுமே ஆதாரம் என்றார் ஐந்தாம் தந்தி. இது கதை அன்று, இசைத்தட்டிலேயே இருக்கிறது.

#13 பழைய இசைத்தட்டு

அருமையான கவனிப்பு. அதோடு, அவர் இருவர் வாசிப்பை எவ்வளவு விரும்பினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1997இல் கிட்டார் கலைஞர் பாட் மெத்தினியோடு ‘பியாண்ட் த மிஸ்ஸூரி ஸ்கை’. இருவருமே அந்த மாநிலத்தில் வளர்ந்தவர்கள், தொகுப்பு கிராமி விருதும் பெற்றது. அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எழுபதுகளின் நடுப்பகுதி வரை பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் குழுவில் இருந்தவர், முப்பதாண்டு இடைவெளிக்குப் பிறகு 2007இல் ஜாரெட்டின் வீட்டுச் சிறு ஒலிப்பதிவுக்கூடத்தில் அவரோடு மீண்டும் அமர்ந்தார். அந்தச் சில நாள் வாசிப்பிலிருந்து 2010இல் ‘ஜாஸ்மின்’ வந்தது, 2014இல் ‘லாஸ்ட் டான்ஸ்’ வந்தது.

இதற்குக் காதுகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அவருக்குக் காதிரைச்சலும், சாதாரண ஓசையே வலியாக உறைக்கும் கோளாறும் இருந்தன. மேடையில் ட்ரம்ஸுக்கும் தமக்கும் நடுவே கண்ணாடிபோன்ற தடுப்பை நிறுத்தி, காதை அடைத்துக்கொண்டு வாசித்தார்.

1982இல் கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் ஜாஸ் பிரிவைத் தொடங்கி நெடுங்காலம் கற்பித்தார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் மகன் ரவி அங்கே படித்தவர். சிதார் கலைஞர் ரவி சங்கரின் பெயர் சூட்டப்பட்ட அதே ரவி.

#14 ஐந்தாம் தந்தி

இரண்டு நாள் கழித்து வருகிறேன். ‘ஹாண்டட் ஹார்ட்’ கேட்டேன். கீழ்க்கட்டை சொன்ன இடத்தில், ஸ்டாஃபோர்டு பாடத் தொடங்கும்போது, என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, யார் இது என்று கேட்டு நின்றுவிட்டார். அதற்கு முன்பு வாத்தியங்கள் மட்டும் ஒலித்தபோது வரவில்லை.

கை வேகம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. லஃபாரோ செய்ததை ஹேடன் செய்திருக்க முடியாது. ஆனால் ‘குறைவாகத் தெரிந்தவர்’ என்ற பொருள்பட எழுதியது தவறு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதற்கு என்னை மாற்றியது ‘லோன்லி வுமன்’ அன்று; அதே 1959இன் அக்டோபரில் பதிவான, கோல்மன் குழுவின் ‘ராம்ப்ளின்’. அதில் ஹேடனின் தனி வாசிப்பு வரும் இடத்தில், அதுவரை புரட்சிகர ஜாஸாக இருந்தது சட்டென்று வயல்வெளி வீட்டுத் திண்ணைப் பாட்டாகிவிடுகிறது. தேடிப் பார்த்தேன்: ‘ஓல்ட் ஜோ கிளார்க்’ என்ற பழைய மலைநாட்டு மெட்டை அவர் அங்கே எடுத்தாண்டிருக்கிறார். அந்தத் தனி வாசிப்பிலிருந்துதான் இங்கிலாந்துப் பாடகர் இயன் டூரி 1977இல் தம் புகழ்பெற்ற ராக் பாட்டுக்கு அடிநாதத்தை எடுத்தார் என்பதும் தெரிந்தது. அந்த ராக் பாட்டைப் பதினெட்டு வயதில் நானே மேடையில் வாசித்திருக்கிறேன். யாருடைய சுரங்களை வாசிக்கிறோம் என்று தெரியாமல்.

#15 கீழ்க்கட்டை

அந்த மெட்டுக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 2008இல் ஹேடன் தம் குடும்பத்தைக் கூட்டி ‘ராம்ப்ளிங் பாய்’ என்ற நாட்டுப்புறத் தொகுப்பைப் பதிவு செய்தார். மனைவி ரூத் கேமரன் பாடுகிறார். ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று மகள்களான பெட்ரா, ரேச்சல், டான்யா மூவரும் பாடுகிறார்கள். மகன் ஜோஷ் தாம் எழுதிய ‘ஸ்பிரிச்சுவல்’ பாட்டைப் பாடுகிறார். டான்யாவின் கணவர் நடிகர் ஜாக் பிளாக். அவருக்குக் கொடுக்கப்பட்ட பாட்டு ‘ஓல்ட் ஜோ கிளார்க்’.

அதே தொகுப்பில் 1939ஆம் ஆண்டு வானொலிப் பதிவின் ஒரு துண்டும் இருக்கிறது: இரண்டு வயதுச் சார்லி குரலை உடைத்து உடைத்துக் கூவிப் பாடுவது. பழைய குரலைப் புதிய இசைத்தட்டில் செருகும் அவருடைய வழக்கத்துக்கு, இந்த முறை கிடைத்தது அவருடைய சொந்தக் குரலே.

கடைசிப் பாட்டு ‘ஷெனண்டோவா’. அதை ஹேடனே பாடியிருக்கிறார். 1999இன் ‘தி ஆர்ட் ஆஃப் த சாங்’ தொகுப்பில் ஒருமுறை பாடத் துணிந்தவர், இங்கே எழுபது வயதைத் தாண்டி, பிறந்த ஊரின் பெயரைக் கொண்ட பாட்டை எடுத்துக்கொள்கிறார். போலியோ விட்டுவைத்த குரல்தான். மேலே போகும் இடத்தில் மெலிந்து, நூலாகி, கிட்டத்தட்டப் பேச்சாகிவிடுகிறது. சுரத்தை நீட்ட முடியாத இடங்களில் அவர் நீட்டவில்லை. அந்நோயின் பின்விளைவுகள் வயதான காலத்தில் திரும்ப வந்து, 2014 ஜூலை 11 அன்று லாஸ் ஏஞ்சலஸில் அவர் இறந்தார்.

ஐந்தாம் தந்தி அவர்களே, அந்தப் பாட்டைக் கேட்கும்போது குரலைவிட்டு, அதன் அடியில் எத்தனை மெதுவாகப் பேஸ் நகர்கிறது என்பதைக் கவனியுங்கள். எழுதி எடுக்க ஒரு மாலை தேவைப்படாது.

#16 ஐந்தாம் தந்தி

கேட்டேன். பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். வாசிக்கத்தான் வரவில்லை.